மொட்டை மாடிக்குப் பெட்டி வைத்த நாற்காலியும் பெஞ்சும்: வாங்கியது, பூட்டியது, கட்டியது

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது திருவான்மியூரில் எங்கள் மாடியில் மழை கடல் பக்கத்திலிருந்து சாய்வாக அடித்தது. அது ஓய்ந்த பிறகு பெஞ்சைத் திறந்து பார்த்தேன். உள்ளே வடாம் காயவைக்கும் வெள்ளைத் துணி, கோரைப் பாய், தோட்ட சாமான் எல்லாம் காய்ந்தே இருந்தன, அடித்தளத்தில் ஒரு மூலையில் மட்டும் லேசான ஈரம். அதற்கு முந்தைய வருடம் கடையில் வாங்கிய நாற்காலிகளில் இது நடக்கவில்லை. என்ன மாற்றினோம், எவ்வளவு செலவானது, எது இன்னும் சரியில்லை என்பதை முறையாக எழுதி வைக்கலாம் என்றுதான் இது.

எங்களுக்கு வேண்டியது எளிய விஷயம்தான். சாயங்காலம் நாலைந்து பேர் மாடியில் உட்கார வேண்டும், அந்த இருக்கைக்குள்ளேயே மாடிச் சாமான் அடங்க வேண்டும். பாய், கொடிக்கயிறு, தண்ணீர்க் குழாய், பூவாளி, பிள்ளைகளின் கிரிக்கெட் மட்டை, தேங்காய் நார்க் கட்டி எல்லாம் மாடிப்படி அறையில் குவிந்து படியில் கால் வைக்க முடியாமல் இருந்தது.

எந்த நாற்காலி என்பதற்கு முன்னால் அதை எங்கே போடுவது என்று முடிவு செய்யுங்கள். கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சிறு பிள்ளைகள் வரும் வீட்டில் அதைச் செய்யவே கூடாது. எங்கள் சுவர் மூன்றரை அடி. 17 அங்குல இருக்கையில் ஒரு பிள்ளை ஏறி நின்றால் அவனுக்கு முன்னால் மிஞ்சுவது இரண்டடிச் சுவர். அதனால் எல்லாவற்றையும் மாடிப்படி அறைச் சுவரை ஒட்டியே போட்டோம், பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை அளவு இடைவெளி விட்டு. தளத்தில் துளை போட்டு எதையும் பூட்டவில்லை. மேல்தள ஓட்டில் ஒரு துளை போட்டால் கீழ்வீட்டுக் கூரையில் கசிவு வருவதற்கு அதுவே போதும். தண்ணீர் ஓடிப் போகும் வாட்டத்தை மறிக்காமல் கால்கள் நிற்கின்றனவா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் இடத்தை முடிவு செய்தோம்.

வாங்கலாம் என்று தேடியபோது மூன்று வகை கிடைத்தது. முழுக்கப் பிளாஸ்டிக்கில் வரும் பெட்டி பெஞ்சு, செயற்கைப் பிரம்பு பின்னி அடியில் பெட்டி வைத்த நாற்காலி, மரத்தில் செய்தது. நிஜப் பிரம்பை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, அது திண்ணைக்கு நல்லது, மழையில் நிற்காது. பிளாஸ்டிக் பெட்டியில் புற ஊதாக் கதிருக்குப் பாதுகாப்பு சேர்த்திருக்கிறதா என்பதுதான் முழுக் கேள்வியும். அது இல்லாதது சென்னை வெயிலில் முதலில் நிறம் வெளுத்து, அப்புறம் தடவினால் கையில் சுண்ணாம்பு போல மாவு ஒட்டி, கடைசியில் உட்காரும்போது விரிசல் விடும். இன்னொன்று, கறுப்பும் கரும்பழுப்பும் வாங்காதீர்கள். ஏப்ரல் மாதம் நாலு மணிக்குக்கூட அதில் உட்கார முடியாது.

நாங்கள் எடுத்தது செயற்கைப் பிரம்பு நாற்காலி, இரண்டு. ஒன்று 6,800 ரூபாய், பகுதிகளாகப் பிரித்து அட்டைப் பெட்டியில் வந்தது, நாம்தான் பூட்டிக்கொள்ள வேண்டும். இருக்கை உயரம் பதினேழரை அங்குலம், உட்காரும் பலகையைத் தூக்கினால் அடியில் 18க்கு 18, ஆழம் 9 அங்குலம், அதாவது 45 லிட்டர் சொச்சம். விளம்பரத்தில் அலுமினியச் சட்டம் என்று போட்டிருந்தது. வந்ததும் ஒரு காந்தம் வைத்துப் பார்த்தேன், கால்களில் ஒட்டவில்லை, இருக்கைச் சட்டத்தில் பச்சென்று ஒட்டியது. ஆக, பாரம் தாங்குகிற பகுதி இரும்பு, மேலே பவுடர் கோட்டிங். கடலோரத்தில் இருப்பவர்கள் பெட்டியைப் பிரித்த கையோடு இந்தச் சோதனையைச் செய்யுங்கள், எந்தப் பகுதியில் துருவை எதிர்பார்க்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

பூட்டுவதில் ஒரு நாற்காலிக்கு 16 போல்ட், எல்லாம் எம் 6, அதாவது 6 மில்லிமீட்டர் தடிமன். கூட ஒரு சின்ன ஆலன் கீ (அறுகோணச் சாவி) வந்தது. அதை வைத்துப் பூட்டினால் மணிக்கட்டுதான் வலிக்கும், நீளக் கைப்பிடி உள்ள 4 மில்லிமீட்டர் கீயும் நட்டுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டேன். வரிசை முக்கியம். எந்த போல்ட்டையும் முழுக்க முறுக்காதீர்கள். எல்லாவற்றையும் கையால் நாலைந்து சுற்று மட்டும் ஏற்றிவிட்டு, நாற்காலியைச் சமதரையில் நிறுத்தி, இருக்கைச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, இரண்டும் ஒன்றாக வரும்வரை தட்டிச் சரிசெய்த பிறகுதான் முறுக்க வேண்டும். முதல் மூலையை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசி போல்ட் துளைக்கு நேரே வராது, அதை வம்பாக ஏற்றினால் அலுமினியத்தில் மரை போய்விடும். ஒரு நாற்காலியில் மூலைவிட்ட வித்தியாசம் 8 மில்லிமீட்டர் இருந்தது, ரப்பர் சுத்தியலால் தட்டி 2க்குக் கொண்டுவந்த பிறகு நாலு காலும் தரையில் பதிந்தன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மழை நின்றபின் திறந்தால் இரண்டு நாற்காலியின் பெட்டிக்குள்ளும் தண்ணீர். பெட்டிக்கு உள்ளுறையாக ஒரு ஜிப் வைத்த பாலியஸ்டர் பை தருகிறார்கள், நீர் புகாத துணி என்று. மேலிருந்து வந்த தண்ணீரை அது தடுக்கவில்லை, தையல் வழியாகவும் ஜிப் வழியாகவும் புகுந்துவிட்டது, ஆனால் புகுந்த தண்ணீரை வெளியே விடாமல் தேக்கி வைத்துக்கொண்டது. உள்ளே இருந்த பாயில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. போல்ட் தலைகள் எல்லாம் பழுப்பு. இதைவிடக் கவலை, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும், மாடியில் மூடி போட்ட தொட்டியை நாமே வைத்திருக்கிற கதை அது.

அங்கிருந்துதான் எங்கள் யோசனை மாறியது. மாடியில் வைக்கும் பெட்டியை முழுக்க அடைத்து மழையை ஜெயிக்க முடியாது. எவ்வளவு அடைத்தாலும் கொஞ்சம் புகும், அடைத்திருப்பதாலேயே அது காயாது. வெயில் காலத்திலும் ராத்திரி குளிர்ந்து காலையில் சூடேறும்போது உள்ளேயே வியர்க்கும். மேலிருந்து வருவதை வழித்துவிட வேண்டும், புகுந்தது கீழே இறங்கிப் போக வேண்டும், நடுவில் காற்று ஓட வேண்டும்.

நாற்காலிகளில் செய்த திருத்தம் சின்னதுதான். பையைத் தார்பாய் தைக்கிற கடையில் கொடுத்து, அடிப்பக்கம் நாலு மூலையிலும் பித்தளை வளையம் அடித்து ஓட்டை போட்டு வாங்கினேன், வளையத்துக்குப் பத்து ரூபாய். பையின் கீழே பெட்டித் தளத்திலும் அதற்கு நேராக 8 மில்லிமீட்டர் துளை. துளைத்த இடத்தில் துத்தநாக ஸ்பிரே. போல்ட், நட், வாஷர் எல்லாவற்றையும் 304 தர எவர்சில்வரில் மாற்றினேன், இரண்டு நாற்காலிக்கும் சேர்த்து 600 ரூபாய் ஆனது. ஒரு எச்சரிக்கை: எவர்சில்வர் போல்ட் அலுமினியத்தை நேராகத் தொட்டால் உப்புக் காற்றில் அலுமினியம்தான் அரித்து வெள்ளை மாவாகும். நடுவில் நைலான் வாஷர் போடுங்கள், மரையில் கிரீஸ் தடவுங்கள். எவர்சில்வர் போல்ட்டும் எவர்சில்வர் நட்டும் சேரும்போது கிரீஸ் இல்லாமல் வேகமாக முறுக்கினால் பாதியில் பிடித்துக்கொண்டு முன்னேயும் வராது பின்னேயும் போகாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மெத்தையில் இருந்த சாதாரண ஃபோம் பஞ்சாகத் தண்ணீர் குடித்ததால் அதை எடுத்துவிட்டு, பொருள் பொதிந்து அனுப்பப் பயன்படும் வெள்ளை ஈபிஈ ஃபோமை இரண்டங்குலத்துக்கு அடுக்கி உறைக்குள் போட்டேன். கொஞ்சம் கெட்டியாக இருக்கும், ஆனால் தண்ணீரை இழுக்காது.

2024 கோடையில் பெஞ்சு. இதை வாங்காமல் கட்டலாம் என்று எடுத்தேன், ஏனென்றால் மேலே சொன்ன மூன்றும், வழித்து விடும் மூடி, ஒழுகும் தளம், காற்றோட்டம், சேர்ந்து ஒரே பொருளில் நான் பார்த்த எதிலும் இல்லை.

அளவு: நீளம் 48 அங்குலம், அகலம் 18, உட்காரும் உயரம் முன்பக்கம் 17. பின்கால்களை அரை அங்குலம் கூட்டி வைத்ததால் மூடி தானாகவே முன்பக்கம் வாட்டமாக நிற்கும், உட்காரும்போது அந்தச் சாய்வு தெரியவே தெரியாது. சட்டத்துக்கு ஒரு அங்குலச் சதுர ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு), கனம் 16 கேஜ். 20 அடி நீளத்தில்தான் வரும், ஒன்று 600 ரூபாய், மூன்று எடுத்தேன். கணக்குப்படி 44 அடி போதும், மீதியில் குறுக்குச் சட்டம் கூடுதலாக ஒன்று போட்டுக்கொண்டோம். அதைவிட மெல்லிய 18 கேஜில் செய்தால் மலிவு, ஆனால் வெல்டிங்கில் ஓட்டை விழுவதும் அதிகம், மூன்று பெரியவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு 16தான் சரி.

வெல்டர் அனுபவசாலி. எல்லா மூலையிலும் முதலில் டேக் (பொட்டு வெல்டு) மட்டும் போட்டு, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, மூலைவிட்டம் அளந்த பிறகுதான் முழு வெல்டு வைத்தார். ஜிஐ பைப்பை வெல்டு செய்யும்போது மேலே உள்ள துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் ராத்திரி காய்ச்சல் அடிக்கும், அதனால் வெல்டு வைக்கும் இடங்களில் முன்கூட்டியே கிரைண்டரால் துத்தநாகத்தைச் சுரண்டிவிட்டு, காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்தார். முடிக்கும் நேரத்தில் அவராகவே கேட்டார்: “சார், கால் பைப்புக்குள்ள தண்ணி நிக்கும், புஷ்ஷுக்கு மேல ஒரு ஓட்டை போட்டுடவா?” நான் வரைந்து கொடுத்த படத்தில் அது இல்லை. நாலு காலிலும் ரப்பர் புஷ்ஷுக்குச் சற்று மேலே 4 மில்லிமீட்டர் துளை போட்டார். இரும்பு நாற்காலி எல்லாம் காலில்தான் முதலில் உளுத்துப்போகிறது, அதற்குக் காரணம் இந்தத் துளை இல்லாததுதான்.

பெயின்டில் அவசரப்படாதீர்கள். ஜிஐ மேல் நேரடியாக எனாமல் அடித்தால் ஒரு வருடத்துக்குள் ஏடு ஏடாக உரியும், துத்தநாகத்தோடு அது ஒட்டாது. வெல்டு வைத்த இடத்தைச் சுத்தம் செய்து துத்தநாக ஸ்பிரே, அப்புறம் சட்டம் முழுக்க ஜிஐக்கு என்றே விற்கும் எட்ச் பிரைமர், அதன் மேல் எனாமல் இரண்டு கோட்டு. எல்லாம் சேர்த்து 850 ரூபாய்.

பக்கங்களுக்கு மெரைன் ப்ளைவுட் போடலாம் என்றுதான் முதலில் விலை கேட்டேன். ஐஎஸ் 710 (மெரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை போட்ட 18 மில்லிமீட்டர் பலகை ஒரு ஷீட் நாலாயிரத்தை நெருங்கியது. அதுகூட, அறுத்த ஓரங்களை நன்றாக அடைக்காவிட்டால் வெளியில் வெயிலும் மழையும் மாறி மாறிப் படும்போது ஓரம் விரியும். கடைப் பெயர்ப் பலகைக்குப் போடும் ஏசிபி ஷீட் (நடுவில் பிளாஸ்டிக், இருபுறமும் மெல்லிய அலுமினியத் தகடு) 3 மில்லிமீட்டர், எட்டுக்கு நாலு அடி, 2,100 ரூபாய்க்குக் கிடைத்தது. எடை குறைவு, ஈரம் ஏறாது. கேட்டு வாங்க வேண்டியது ஒன்றுதான், பிவிடிஎஃப் பூச்சு உள்ளது. உள்வேலைக்கான பூச்சு மாடியில் வெளுத்துவிடும். பெயர்ப்பலகைக் கடைக்காரரே பின்பக்கம் வி வடிவில் காடி எடுத்து மடித்துக் கொடுத்தார், 400 ரூபாய். மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்பு பிளாஸ்டிக்கை ரிவெட் அடிக்கும் அன்றே உரித்துவிடுங்கள். வெயிலில் விட்டால் அது வெந்து ஒட்டிக்கொண்டு நகத்தால் சுரண்டினாலும் வராது.

மூடிதான் இந்தப் பெஞ்சின் உயிர். அடியில் பைப் சட்டம், அதன் மேல் ஒரே துண்டாக ஏசிபி, முன்பக்கமும் இரு பக்கமும் ஒரு அங்குலம் வெளியே நீண்டு கீழே மடங்கியிருக்கும். வீட்டுச் சன்ஷேடின் நுனியில் சொட்டுக்கோடு வைப்பதும் இதற்குத்தான், தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து உள்ளே வராமல் மடிப்பிலேயே சொட்டிவிடும். ஏசிபிக்கு மேலே 5 மில்லிமீட்டர் ரப்பர் துண்டு வைத்து, அதன் மேல் தேக்கு ரீப்பர் (நீளமான மரப்பட்டை) ஆறு, ஒவ்வொன்றும் இரண்டரை அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம், நடுவில் கால் அங்குல இடைவெளி. மழை ரீப்பர் இடுக்கில் இறங்கி ஏசிபி மேல் ஓடி முன்பக்கம் வடிந்துவிடுகிறது. வெயிலில் உட்காரும்போதும் உடம்பில் படுவது மரம், தகடு சூடாவது நமக்குத் தெரியாது.

தேக்கு, இடித்த வீட்டுச் சாமான் விற்கும் மரக்கடையில் எடுத்த கைமரம். கன அடி 2,800 சொன்னார்கள், சேதாரத்தோடு அரை கன அடி போதுமானதாக இருந்தது. பழைய மரத்தில் ஒளிந்திருக்கும் ஆணியைக் காந்தம் வைத்துத் தேடி எடுத்துவிட்டுத்தான் இழைப்பு மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும், ஒரு ஆணி மாட்டினால் மெஷின்காரருடைய பிளேடு போய்விடும், அடுத்தமுறை உங்கள் மரத்தைத் தொடமாட்டார். இழைப்புக் கூலி 300. ஸ்குரூ எல்லாம் கீழிருந்து மேலாக, 45 மில்லிமீட்டர், 304. பைப், ஏசிபி, ரப்பர் தாண்டி மரத்துக்குள் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும், 50 போட்டால் முனை மேலே எட்டிப் பார்க்கும் அபாயம் உண்டு. மரத்தில் முதலில் மெல்லிய துளை போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்த தேக்கு நுனியில் பிளக்கும். ஏசிபியில் துளை விழும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பருக்கு அடியில் ஒரு பொட்டு சிலிக்கான்.

அடித்தளத்தில் பலகை இல்லை. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் கம்பிவலை, அதன் மேல் எவர்சில்வர் கொசுவலை. தரையிலிருந்து நாலங்குல உயரத்தில் இது இருக்கிறது, பக்கத்து ஏசிபி மட்டும் இன்னும் கீழே ஒன்றரை அங்குலம் வரை இறங்கி, தரையில் மோதித் தெறிக்கும் மழையைத் தடுக்கிறது. இரு பக்கமும் மேல் ஓரத்தில் ஒரு அங்குலத் துளை மூன்று மூன்று, உள்பக்கம் அதே வலை. கீழே குளிர்ந்த காற்று ஏறி மேலே வெளியேறுகிறது. உள்ளே 130 லிட்டர் போல இடம், கரப்பானோ பல்லியோ இதுவரை இல்லை.

மூடி முழுதாக 13 கிலோவுக்கு மேல் வந்தது, பிள்ளைகள் விரல் வைக்கும் இடம் என்பதால் வெறும் கீலில் விட மனம் வரவில்லை. அலமாரிக்குப் போடும், மூடியின் பாரத்தைத் தாங்கும் 100 நியூட்டன் கேஸ் ஸ்ட்ரட் இரண்டு, கம்பி கீழ்நோக்கி இருக்கும்படி. அப்படி மாட்டினால்தான் உள்ளே இருக்கும் எண்ணெயில் அதன் சீல் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) நனைந்தபடி இருக்கும். முன் ஓரத்தில் அரை அங்குல ரப்பர் பொத்தான் வைத்ததால் மூடி சடாரென்று விழுந்தாலும் விரல் நசுங்காத இடைவெளி இருக்கிறது. காற்று மூடியைப் பின்னால் புரட்டாமல் இருக்க ஒரு சங்கிலி. கீல் மூன்று அங்குலம், மூன்று, எவர்சில்வர். பின்பக்கம் கீல் இடுக்கின் மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டையாக ஒட்டினேன்.

செலவு: பைப் 1,800, வெல்டர் கூலி 1,500, ஏசிபியும் மடிப்பும் 2,500, தேக்கும் இழைப்பும் 1,700, ஸ்குரூ, ரிவெட், கீல் 900, ஸ்ட்ரட் 500, பெயின்ட் 850, வலை, ரப்பர், சிலிக்கான் 450. மொத்தம் 10,200 ரூபாய். இரண்டு நாற்காலி 13,600க்கு வாங்கிக் கிடைத்த கொள்ளளவு 90 லிட்டர், அதற்கு மேல் திருத்தச் செலவு. மூன்று பேர் உட்கார்ந்து 130 லிட்டர் தரும் பெஞ்சு அதைவிடக் குறைவு. உங்கள் தெருவில் நம்பிக்கையான வெல்டர் இருந்தால் நான் பெஞ்சையே சொல்வேன். வாடகை வீடு, அடிக்கடி மாற வேண்டும் என்றால் பிரித்து எடுக்க முடிகிற நாற்காலிதான்.

ஃபெஞ்சலுக்கு முன்னால் நாற்காலிகளின் பெட்டியில் மணல் நிரப்பிய பைகளை வைத்து, நைலான் கயிற்றால் மாடிப்படி அறைக் கொக்கியோடு கட்டியிருந்தேன். காலியாக விட்ட நாற்காலியைக் காற்று தூக்கிக்கொண்டு போய் கீழே தெருவில் போட்டால் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. நாற்காலிகளும் இந்தமுறை தண்ணீரைத் தேக்கவில்லை, பை நனைந்தது, இரண்டு வெயிலில் காய்ந்தது. பெஞ்சில் ஈரம் வந்த மூலை எது என்று தேடினால் அது சைக்கிள் டியூபின் ஓரம், பசை விட்டு லேசாகத் தூக்கியிருந்தது.

அடுத்த பெஞ்சில் மாற்றப் போவது: டியூபுக்குப் பதில் ஜன்னல் கண்ணாடிக்குப் போடும் ஈபிடிஎம் ரப்பர் பட்டை, பசையோடு ரிவெட்டும் சேர்த்து. கேஸ் ஸ்ட்ரட் ஒன்றின் கம்பியில் இப்போதே ஊசிமுனைத் துரு, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் 304கூடத் தேநீர்க் கறை போலப் பழுப்பு காட்டுகிறது, அதனால் கீலும் ஸ்குரூவும் துருவை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 தரத்தில், விலை கூடினாலும் பரவாயில்லை. நீளத்தை 48க்குப் பதில் 42 ஆக்கினால் மூடி லேசாகும், அம்மா ஒரு கையால் திறக்கலாம். ரீப்பரின் மேல் விளிம்புகளை இன்னும் நன்றாக உருட்டித் தேய்க்க வேண்டும், தொடையில் அழுத்துகிறது. பழைய கைமரம் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, பைப் விலை கேட்டுவிட்டு மாசியில் வேலையை ஆரம்பிக்கிறோம்.